நான்காம் கொட்டகை

பதினோராயிரம் சதுர மீட்டர் தகரம்.
அதன் கீழே
பள்ளிப் பிள்ளைகளின் கறுப்புக் காலணிகள்
இடதும் வலதும் இன்னும் ஜோடி சேராமல்
ஜனவரிக்காகக் காத்திருக்கின்றன.

டர்பனில், இந்த ஜேக்கப்ஸ் பேட்டையில்,
கடல் கண்ணுக்குத் தெரியாது.
கதவுத் தாழ்ப்பாளை நக்கிப் பார்த்தால் தெரியும்.

முதல் ஆள் வாளியோடு வந்தான்.
வெள்ளை ரப்பர் பூச்சு, இரண்டு கை,
பத்து வருட உத்தரவாதம்,
அடியில் பொடி எழுத்தில் ஆறு விதிவிலக்கு.
ஒரு நாள்கூட வேலை நிற்காது என்றான்.
அரிதாரம் பூசிய முகம்
எந்தக் கணக்கருக்கும் பிடிக்கும்.

தேஷ்னி மருதமுத்து
பழையதன் மேலேயே புதுத் தகடு என்றாள்.
நடுவில் சட்டம், சட்டத்துக்குள் கண்ணாடிப் பஞ்சு.
வெயில் இறங்காது, மழைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டாம்.
எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.
ஆனால் கீழே இருப்பது பூசணிக்காய் என்றால்
எவ்வளவு சோறு போட்டு மறைப்பது?

கழற்றி எறி, புதிது போடு என்றது
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த கடிதம்.
ஏழு வாரம் வானம் திறந்திருக்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டில் இருப்பார்கள்.
அது அந்த விலைப்புள்ளியில்
ஒரு வரியாகக்கூட இல்லை.

சிஃபிசோவோடு ஏறினேன்.
திருகாணி வரிசை மேலேயே நட,
அதன் கீழே மட்டுந்தான் விட்டம் என்றான்.
கொஞ்சம் பாசி, புறா எச்சம்,
எப்போதோ சிக்ஸர் போன ஒரு பந்து.
தகடு நன்றாகத்தான் இருந்தது.
புகைபோக்கி அருகே அவன் குனிந்து
திருப்புளியை மெல்ல ஊன்றினான்.
அப்பளத்தில் விரல் போவது போலப் போனது.
துளை வழியே
யாரோ ஒருத்தியின் தையல் இயந்திர விளக்கு.

துரு மேலிருந்து இறங்கவில்லை.
முப்பது வருடமாகப் பசை காய்ச்சிய ஆவி
ராத்திரியில் தகட்டின் வயிற்றில் வியர்த்து வியர்த்து...
உள்காய்ச்சலுக்கு
நெற்றியில் பற்றுப் போட்டு என்ன?

வாளிக்காரன் அனுப்பிய டிரோன் படத்தில்
கூரை பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது.

கீழே நொம்புசோ கூப்பிட்டாள்.
தைப்பு வரிசையின் மேற்பார்வை, பத்தொன்பது மழைக்காலம்.
ஒழுகும் இடத்தில் வாளி வைக்கும் முன்
சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதுவாளாம்.
துடைப்பம் அழித்துவிடுகிறதென்று
காலணிப் பெட்டி மூடிகளின் உட்புறத்தில்
படியெடுத்தும் வைத்திருந்தாள்.
நாற்பத்தேழு மூடிகள்.
தரையில் பரப்பினோம்.

தூணுக்குத் தூண் ஒரு கண் என்று எண்ணினால்
கொட்டகைக்குப் பத்துக் கண்.
வட்டங்கள் ஏழிலும் எட்டிலும் மொய்த்தன.
மற்றதில் அங்கொன்று இங்கொன்று,
எல்லாமே திருகாணி வரிசையின் நேர் கீழே.

இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்றேன்.
"நீங்கள் வாளி போதுமா என்றுதானே கேட்டீர்கள்."

கூட்டத்தில் கணக்கர் படையாச்சி
எத்தனை வருடம் தாங்கும் என்றார்.
குத்தகை எத்தனை வருடம் என்றேன்.
பன்னிரண்டு என்றார். பிறகு இருமினார்.

ஏழும் எட்டும் விட்டத்தோடு கழற்றுவது,
ஜூலையில், மழைக்கு நம் ஞாபகம் வராத மாதத்தில்.
இயந்திரங்களுக்குச் சக்கரம் பூட்டி
மூன்றாம் கண்ணுக்குத் தள்ளுவது; யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.
மீதிக்குத் திருகாணி மாற்றி, அப்புறம் பூச்சு.
பசை ஆவிக்குத் தனிக் குழாய் என்ற வரியை
சிவப்பு மையால் அடித்தார்கள்.
அடித்த கோட்டின் மேலேயே மறுபடி எழுதினேன்.
தேஷ்னி கையெழுத்துப் போடும்போது சொன்னாள்:
ஒட்டுப்போட்ட சட்டைக்குப்
புதுச் சட்டை உத்தரவாதம் கேட்காதீர்கள்.

அக்டோபரின் முதல் பெரிய மழை.
இருநூற்றுப் பன்னிரண்டு தலைகள் மேலே நிமிர்ந்தன.
ஏழாம் கண் காய்ந்திருந்தது.
எட்டாம் கண் காய்ந்திருந்தது.

இரண்டாம் கண்ணில்
என் அறை வாசலுக்கு நேராக
ஒரு சொட்டு.
கொஞ்சம் யோசித்து, இன்னொன்று.

நொம்புசோ குனியவில்லை.
சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து
என்னிடம் நீட்டினாள்.